ஜகதீசன் ஜெயித்த சண்டை

ஜகதீசனுக்குக் கோபம் வராத நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கலாம் என்று அவர் மனைவி கிரிஜா ஒருமுறை நினைத்தாள். மாதம் முழுக்கப் பேனாவைத் திறக்கவே வேலை வராது என்று அப்புறம் விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் கவிழ்ந்துவிடும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். அதைச் சரிபார்க்கிற வேலைக்காக ஜகதீசன் பவானியிலிருந்து கிளம்பி, செகந்திராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். இறங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, ஆட்டோக்காரரோடு சண்டை. இவருக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. மீட்டர் போட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. அடுத்தது காஸ் ஏஜென்சி. சிலிண்டரை வாசலில் எடை போட்டுக் காட்டினால்தான் வீட்டுக்குள் விடுவார். அதற்கடுத்து, போவன்பள்ளியில் ஃப்ளாட் வாங்கியபோது பில்டர். இரண்டு போர்வெல் போடுவதாகச் சொல்லி ஒன்றோடு நிறுத்திக்கொண்ட அந்த மனிதரை ஏழு மாதம் விடாமல் துரத்தி, இரண்டாவதையும் போட வைத்தார். அந்தத் தண்ணீரில்தான் இன்றைக்கும் இருபத்துநாலு குடும்பங்கள் குளிக்கின்றன.

அதனால் அவரை வம்புக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. அநியாயம் என்று பட்டால்தான் அவருக்குக் கோபம் வரும். பார்க்கிறதில் முக்கால்வாசி அவருக்கு அநியாயமாகத்தான் பட்டது என்பது வேறு விஷயம். அதில் முக்கால்வாசி நிஜமாகவே அநியாயமாக இருந்ததுதான் அவரைக் கெடுத்தது. பத்துச் சண்டையில் எட்டு ஜெயிக்கிற மனுஷனுக்கு, மிச்சம் இரண்டிலும் நியாயம் தன் பக்கம் என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்?

உத்தியோகமும் அதற்குத் தோதாக அமைந்தது. மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்ட் லீட். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. கோபத்துக்குச் சம்பளமும் கொடுத்து, வருஷக் கடைசியில் கைதட்டிக் கேடயமும் கொடுக்கிற இடம் உலகத்தில் வேறெங்கே கிடைக்கும்? புரோகிராம் எழுதுகிற பையன்கள் அவர் நடந்து வருவதைப் பார்த்தாலே காபி மெஷின் பக்கம் நழுவிவிடுவார்கள். தன் கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு அவர் ஓயாமல் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. "நூறு தடவ மணி சும்மா அடிச்சிருக்கும். அதுக்காக நூத்தியோராவது தடவ போய்ப் பாக்காம இருக்கக் கூடாது. பாக்காம ஃபைல மூடுனா நீ டெஸ்டரே இல்ல."

ஊருக்கு உபதேசம் சொல்ல யாருக்குத்தான் வாய் வலிக்கும்?

இரண்டாயிரத்து ஏழு ஜூலையில் அவர்கள் மகள் சுபாஸ்ரீக்குப் பதினொரு வயது. போலாரத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு. பள்ளியின் பெயரில் 'இன்டர்நேஷனல்' என்று இருந்தது. கக்கூஸில் தண்ணீர்தான் இல்லை. அந்த வருஷங்களில் ஊர் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேர்க்காரன் கையில் நாலு காசு இருக்கிறது என்று தெரிந்தவுடன், அவன் பிள்ளைக்குக் கண்ணாடி போட ஒருத்தன், கணக்கு சொல்லிக் கொடுக்க ஒருத்தன், மூளையை வளர்க்கிறேன் என்று ஒருத்தன் என்று வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். பல்லுக்கும் ஒருத்தன் வராமல் இருப்பானா?

வந்தார்கள். பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த ஒரு பல் ஆஸ்பத்திரி, பள்ளியோடு பேசி வைத்துக்கொண்டு இலவச முகாம் நடத்தியது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வாய்க்குள் டார்ச் அடித்து, ஆளுக்கொரு ரோஸ் நிறச் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். சீட்டில் பெரிய சீல் குத்தியிருந்தது: பல் வரிசை சரியில்லை, கம்பி போட வேண்டும், தாமதித்தால் முக அமைப்பே மாறிவிடும், இரண்டு வாரத்துக்குள் வந்தால் சலுகை.

சுபாஸ்ரீ அந்தச் சீட்டை நீட்டியபோது ஜகதீசன் மகளின் முகத்தைப் பார்த்தார். பற்கள் வரிசையாக, குறை சொல்ல முடியாதபடி இருந்தன.

"இதுல என்ன கோணலைக் கண்டானுகளாம்?"

"க்ளாஸ்ல அந்தரிக்கி இச்சாரு" என்றாள் மகள். வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தார்களாம். பெற்றவர்கள் தமிழில் கேட்பார்கள், அவள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வாள். அந்த வீட்டில் அது பழகிப்போன ஏற்பாடு.

'அந்தரிக்கி' என்ற ஒரு வார்த்தை போதும். எல்லோருக்குமா? அன்றைக்கு அவருக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. குழந்தையைக் காட்டிப் பெற்றவனைப் பயமுறுத்திப் பிழைக்கிற கூட்டம் என்று பல்லைக் கடித்தார். அந்தக் கோபத்தை நானும் தப்பென்று சொல்ல மாட்டேன். வழிப்பறிக்காரனாவது கத்தியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு வருகிறான். இவர்கள் அதைப் பிள்ளை கையிலேயே கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவன்பள்ளி, போலாரம் என்று சுற்றினார். வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தெட்டுச் சீட்டுகள் கைக்கு வந்துவிட்டன. மத்தியானச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்றினார். பெயர், வயது, தேதி, சீல் உண்டா, யார் கையெழுத்து. முப்பத்தெட்டிலும் ஒரே சீல், ஒரே கையெழுத்து. ஏற்கெனவே இரண்டு வருஷமாகக் கம்பி போட்டுக்கொண்டிருந்த ஒரு பையனுக்கும் 'கம்பி போட வேண்டும்' என்று குத்திக் கொடுத்திருந்தார்கள். அதைக் கண்டபோது ஜகதீசன் நாற்காலியை விட்டு எழுந்து நின்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் எதிராளிக்குக் கெட்ட காலம் என்று கிரிஜாவுக்குத் தெரியும்.

ஆனால் சுபாஸ்ரீயின் சீட்டில் மட்டும், சீலுக்குக் கீழே ஓரமாக, நீல மையில் யாரோ பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். இனி முளைக்க வேண்டிய மேல் இடது கோரைப்பல் ஈறில் தட்டுப்படவில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும் என்பது அதன் பொருள். வேறு எந்தச் சீட்டிலும் பேனா படவில்லை. ஜகதீசன் அந்த வரியைப் படித்தார். படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பயமுறுத்துவதற்கு இது ஒரு கூடுதல் வேலை என்று முடிவு கட்டினார். அவர் போட்ட அட்டவணையில் கையால் எழுதியதற்கு ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாதது கணக்கிலும் வரவில்லை.

கிரிஜா செகந்திராபாத்தில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறவள். சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவள் தொழில். அந்த வரியில் அவள் கண் நின்றுவிட்டது.

"ஏனுங்க, நம்ம சுபா சீட்டுல மட்டும் என்னமோ எழுதியிருக்குதுங்களே."

"எழுதுவான். நம்மளப் பாத்தா ஏமாந்த சோணகிரின்னு நெத்தியில ஒட்டியிருக்குது."

"புள்ளையும் சொல்றாளுங்க. மத்த புள்ளைகளுக்கெல்லாம் டார்ச் அடிச்சுட்டு விட்டுட்டாங்களாம். இவளுக்கு மட்டும் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா விரல விட்டு ஈறத் தடவித் தடவிப் பாத்துச்சாம். அவிங்ககிட்டப் போக வேண்டாமுங்க. வேற எங்கியாச்சும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டா என்னங்க குறஞ்சு போகுது?"

"என்ன குறஞ்சு போகுதா?" ஜகதீசனின் குரல் ஏறியது. "அத்தன வீட்டுக்கும் போய், இது மோசடி, யாரும் போகாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். நானே என்ற புள்ளையக் கூட்டிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போனா எவன் என்னைய மதிப்பான்? ஒன்னு இது மோசடி, இல்லீன்னா நெஜம். ரெண்டும் எப்படி ஆகும்?"

இரண்டும் ஆகும் என்று கிரிஜாவுக்குத் தெரிந்திருந்தது. கள்ளநோட்டுக் கட்டுக்குள்ளே ஒரு நல்ல நோட்டை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் அவர் குரல் அந்த உயரத்துக்குப் போய்விட்டால் வீட்டில் வேறு யாரும் பேசுவதில்லை. அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். போனது தப்பு என்று பின்னால் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், அது பின்னால்.

பெற்றோர் மின்னஞ்சல் குழுவுக்கு ஜகதீசன் அட்டவணையை அனுப்பினார். தலைப்பே கன்னத்தில் விட்ட அறை மாதிரி இருந்தது: முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு. ஊர் பற்றிக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை பள்ளி முற்றத்தில் பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் மழுப்பப் பார்த்தார். ஜகதீசனுக்கு மைக் தேவைப்படவில்லை. கம்பி போட்ட பையனின் சீட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பையன் வாயைத் திறந்து பார்த்தவர் யார்? அவரை இங்கே கூப்பிடுங்கள்" என்று இங்கிலீஷிலேயே கத்தினார். மாடி ஜன்னல்களில் எல்லாம் பிள்ளைகளின் தலைகள். ஆறாம் வகுப்பு ஜன்னலில் சுபாஸ்ரீ மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள். அப்பாவைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பாள் என்றுதான் ஜகதீசன் அன்றைக்கு நினைத்தார்.

பள்ளி எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. ஆஸ்பத்திரியின் பேனரைக் கழற்றினார்கள். ஜகதீசனைப் பெற்றோர் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். கீழ் ஃப்ளாட்டில் இருந்த ஆம்பூர்க்காரர் அப்துல் ரஹீம் ஒரு டப்பா நிறைய மக்கன் பேடாவோடு மேலே வந்தார். அவர் பையனும் சுபாஸ்ரீயின் வகுப்புத்தான்.

"சார், நீங்க இல்லன்னா நான் பணம் கட்டியிருப்பேன். எதுக்கும் இருக்கட்டும்னு செகந்திராபாத்ல வேற ஒரு டாக்டர்கிட்டக் காட்டினேன். ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. நீங்க பாப்பாவ எங்க காட்டினீங்க?"

"நாங்க எதுக்குங்க காட்டறோம்? அதான் மோசடின்னு தெரிஞ்சு போச்சுல்ல" என்றார் ஜகதீசன். ரஹீம் ஒரு கணம் அவரைப் பார்த்தார். அப்புறம் இனிப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பாருங்கள் கூத்தை. அவர் கிளப்பிய சந்தேகத்தால், ரஹீமைப் போல அரை வகுப்பு வேறு டாக்டரிடம் எக்ஸ்ரே வரைக்கும் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்திருக்கிறது. சரிபார்க்கிறதையே தொழிலாக வைத்திருந்தவர் வீட்டில்தான் யாரும் போகவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்று வருஷம் ஓடியது. ஜகதீசனுக்கு வேறு சண்டைகள் வந்தன. பள்ளிப் பஸ்ஸுக்குப் பிரேக் சரியில்லை என்று ஒன்று, யூனிஃபார்மை ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்றதற்கு ஒன்று. எல்லாம் நியாயமான சண்டைகள்தான், எல்லாவற்றிலும் ஜெயித்தார். சுபாஸ்ரீக்கு மற்றப் பால் பற்கள் எல்லாம் விழுந்து முளைத்துவிட்டன. மேல் இடது பக்கம் கோரைப்பல் மட்டும் பொடிசாக, பால் பல்லாகவே நின்றது. இதைக் கிரிஜா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"பதிமூணு முடியப் போகுதுங்க. இன்னும் அது விழுகலையே."

"விழுகும். ஒவ்வொரு ஒடம்பு ஒவ்வொரு மாதிரி. அவசரப்பட்டம்னா ஆஸ்பத்திரிக்காரன்தான் பொழைப்பான்."

பதினாலாம் வயதில், நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கிரிஜா மார்க்கெட்டிலிருந்து கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தாள். சுபாஸ்ரீ அதைக் கடிக்காமல், கத்தி எடுத்து மெல்லிசாக நறுக்கி, வலது பக்கமாகவே போட்டு மென்றுகொண்டிருந்தாள். கொய்யாவைக் கடித்துத் தின்கிற பெண் அவள்.

"கண்ணு, வாயத் திற."

அவள் திறக்கவில்லை. கிரிஜா தாடையைப் பிடித்துத் திறந்தாள். விரலால் முன்பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். பால் பல் ஆடினால் சந்தோஷப்பட்டிருப்பாள். அது ஆடவில்லை. அதற்கு அடுத்த பல், பெரிய முன்பல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற பல், முளைத்து ஏழு வருஷமான கெட்டிப் பல், விரல் பட்டதும் முன்னும் பின்னும் போய் வந்தது.

இந்தத் தடவை கிரிஜா யாரையும் கேட்கவில்லை. திங்கட்கிழமை பேங்குக்கு லீவு சொல்லிவிட்டு, செகந்திராபாத் கிளாக் டவர் பக்கத்தில் பல் சீரமைப்பு பார்க்கிற டாக்டர் ஐவியிடம் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுத்த பிறகு ஜகதீசனுக்குப் போன் செய்தாள். "ஒடனே வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஐவி மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். தமிழுக்கு நடுவே ஊர் உருதுவையும் கலந்து பேசுவாள், நயமாகப் பேசுவது என்ற பழக்கமே கிடையாது. ஜகதீசன் உட்காருவதற்கு முன்பே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள்.

"ஹவ், சரி, இங்க பாருங்க. இந்தக் கோரைப்பல்லு இந்தப் பக்கமா நேரா இறங்கணும். இறங்கல. எலும்புக்குள்ள சாஞ்சு படுத்துட்டு, பக்கத்துப் பல்லோட வேரைத் தின்னுட்டு இருக்கு. மூணுல ரெண்டு பங்கு வேர் போச்சு. அதான் ஆடுது. அந்தப் பல்லை எடுத்துடணும். ஈறைக் கீறி இந்தக் கோரைப்பல்லைக் கண்டுபிடிச்சு, கம்பி போட்டு இழுத்து, எடுத்த பல்லு இடத்துல நிறுத்தணும். ரெண்டு ரெண்டரை வருஷம் ஆகும்."

கம்பி. எந்தக் கம்பி வேண்டாம் என்று ஊரைக் கூட்டினாரோ அதே கம்பி. ஜகதீசனின் காதோரம் சூடேறியது.

"இது எப்படிங்க ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு?"

"தெரியணும்னா பாக்கணும். பதினொரு வயசுல வந்திருந்தா அந்தப் பால் பல்லு ஒண்ணை மட்டும் எடுத்து விட்டிருப்பேன். நிறையப் பிள்ளைங்களுக்கு அதுவே போதும். மேலே இருக்கறது தானா வழிக்கு வந்துடும். கம்பிகூடத் தேவைப்பட்டிருக்காது."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஜகதீசன் எழுந்து நின்றுவிட்டார். "எல்லாம் அந்த கேம்ப்புக்காரனுகளால வந்த வெனை! பதினொரு வயசுலதானுங்க வந்தானுக. முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே சீலக் குத்தி அனுப்புனா எவன் நம்புவான்? புலி வருது புலி வருதுன்னு எல்லாத்துக்கும் கத்துனா, நெஜமா புலி வந்த வீட்டுக்காரன் என்ன பண்ணுவான்? ஒரு வரி, ஒரே ஒரு வரி ஒழுங்கா எழுதியிருந்தா நான் பாத்திருக்க மாட்டனா? விடறதில்ல அவனுகள. கன்ஸ்யூமர் கோர்ட்டுல..."

கிரிஜா தன் பையைத் திறந்தாள். பழைய காகிதங்கள் இருந்தால் கொண்டு வரும்படி போனில் நேரம் கேட்டபோதே டாக்டர் சொல்லியிருந்ததால், ஜகதீசன் தன் கையால் 'பல் முகாம் – முடிந்தது' என்று எழுதி அலமாரியில் வைத்திருந்த ஃபைலை எடுத்து வந்திருந்தாள். அதைத் திறந்து, ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பார்த்து எழுதியது என்று சொல்லி, மகளின் சீட்டை டாக்டர் முன்னால் வைத்தாள்.

ஐவி படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"எழுதியிருக்காளே."

ஜகதீசன் குனிந்து அந்த நீல மை வரியைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு யாரோ, புதுசாப் படிச்சுட்டு வந்தவளா இருக்கணும். அந்தத் திருட்டுக் கூட்டத்துல உக்காந்து, அத்தனை பிள்ளைங்களுக்கு நடுவுல, உங்க பொண்ணு வாயில விரலை வெச்சுப் பாத்திருக்கா. கோரைப்பல்லு தட்டுப்படலன்னு கரெக்டா எழுதியிருக்கா. இதை விட ஒழுங்கா என்ன எழுதணும் உங்களுக்கு? நான் எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்."

"இல்லீங்க, அது வந்து, மொத்தமுமே மோசடின்னு..."

"நக்கோ சார், நக்கோ. அந்தக் கதை எனக்கு வேண்டாம். அவங்க திருடங்க. ஒத்துக்கறேன். நீங்க திருடனைப் பிடிச்சீங்க, ஊரெல்லாம் கை தட்டுச்சு, நல்லது. உங்க பொண்ணு வாயை யார் பாத்தது? மூணு வருஷம் சார். மூணு வருஷத்துல ஒரு எக்ஸ்ரே எடுக்க ஒரு மத்தியானம் கிடைக்கலையா உங்களுக்கு?"

பத்து வருஷத்துக்கு மேலாக அடுத்தவர்களைப் பார்த்து அவர் கேட்டு வந்த கேள்வி அது. ஏன் சரிபார்க்கவில்லை? கேட்கிற இடத்தில் நின்றே பழகியவருக்கு, கேட்கப்படுகிற இடத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையைத் தடவினார். உட்கார்ந்தார். நூற்றியோராவது மணியும் அடித்திருக்கிறது, அவர் வீட்டு வாசலிலேயே அடித்திருக்கிறது, அவர் போய்ப் பார்க்காமல் மூடி, மேலே தன் கையாலேயே 'முடிந்தது' என்றும் எழுதி வைத்திருக்கிறார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்.

கிரிஜா ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அன்றைக்கே சொன்னேனுங்களே என்று ஒரு வார்த்தை வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கத்தலாம். அவள் மகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷக் கோபம் அவளுக்கும் இருந்தது. அதைக் கணவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஐவி சிகிச்சைக்குச் சம்மதம் வாங்குகிற தாளை எடுத்தாள். எழுத ஆரம்பித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்திருந்த சுபாஸ்ரீயின் பக்கம் திரும்பினாள். அவளிடம் பேசும்போது மட்டும் குரல் வேறாக இருந்தது.

"பேட்டா, அந்தப் பல்லு எப்போ ஆட ஆரம்பிச்சது? ஒரு வாரமா?"

"ஜூன்ல, ஆன்ட்டி."

பேனா நின்றது. "ஜூனா? இப்போ நவம்பர். ஏன் வீட்ல சொல்லல? அப்போவே வந்திருந்தா, அந்தப் பல்லைக் காப்பாத்த முடியுமான்னு முயற்சியாவது பண்ணிப் பாத்திருக்கலாமே!"

சுபாஸ்ரீ வாயைத் துடைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல், வெளிச்சப் பெட்டியில் எரிந்துகொண்டிருந்த தன் படத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். தமிழில் பேசினாள். அப்பாவுக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பிப்போகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

"சொன்னா அப்பா கோவப்படுவாரு. யார் மேலயாவது தப்புன்னு ஸ்கூலுக்கு வந்து கத்துவாரு. போன தடவ எல்லாரும் ஜன்னல்ல இருந்து பாத்தாங்க. அப்புறம் ஒரு வருஷம் என்னைப் பாத்தா வாயைப் பொத்திக்கிட்டு ஓடுவாங்க, சீட்டு குடுக்காதே, சுபா டாடி வருவாருன்னு. மிஸ்ஸுங்ககூட எங்கிட்டப் பேசப் பயந்தாங்க. அதுக்குப் பல்லு ஆடறதே பரவால்லன்னு இருந்துட்டேன்."

ஜகதீசனுக்குக் கோபம் வந்தது. அது வராமல் இருக்க அவருக்குத் தெரியாது. வந்த கோபம் வழக்கம்போல் ஆளைத் தேடிக்கொண்டு அறையைச் சுற்றியது. கேம்ப்காரர்களிடம் போனது, பள்ளியிடம் போனது, ஜன்னலில் நின்ற பிள்ளைகளிடம் போனது, ஜூன் மாதத்திலிருந்து வாயை மூடிக்கொண்டு வலது பக்கமாகவே மென்ற தன் பெண்ணிடம் வந்தது. அங்கே அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றது. பிறகு திரும்பி, வந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஜகதீசன் என்கிற இந்த மனிதனை யாராவது அன்றைக்கு அந்தப் பள்ளி முற்றத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

ஐவி தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். பல்லை எடுப்பதற்கும், ஈறைக் கீறுவதற்கும், கம்பி போடுவதற்கும் தகப்பனார் சம்மதம் என்று இருந்தது. எந்தத் தாளையும் மூன்று தடவை படித்து, நாலு கேள்வி கேட்டு, இரண்டு வரியை அடிக்கச் சொல்லித்தான் கையெழுத்துப் போடுகிறவர், அதைப் படிக்கவில்லை.

"எங்க போடோணுங்க?" என்று கேட்டார்.

குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. அப்பா அவ்வளவு மெதுவாகப் பேசி அறியாத சுபாஸ்ரீ, என்ன வரப்போகிறதோ என்று பயந்துபோய், எட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.